மூலைமட்டம் வைத்து வந்த அம்மாள்

“கேதீஸ்வரி வினாயகமூர்த்தி. ஆரையம்பதி. விதவை. தொழில் இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பம், நலிவுற்ற பிரிவு. ஒதுங்கி வாழும் இயல்பினர். தாமாக முடிவெடுக்கும் ஆற்றல் குறைந்தவர். தொடர்ச்சியான உளவளத் துணை தேவைப்படுகிறது.”

கடல் ஊருக்குள் வந்து போன கையோடு, நிவாரண நிறுவனம் ஒன்று தன் கோப்பில் இப்படி எழுதி வைத்தது. இதில் பெயர் சரி. ஊரும் சரி.

விதவை என்பதில் சிறிய சிக்கல் இருந்தது. கணவன் வினாயகமூர்த்தி உயிரோடு இருந்தான். மேசன் வேலைக்காரனான அவன், கடல் வந்த காலையில் கரடியனாற்றில் பெரிய வயற்காரரான ஒரு போடியாரின் வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். முகாமுக்குப் பதிவு எடுக்க வந்தவர் “கணவர் எங்கே?” என்று கேட்டபோது, “ஆருக்குத் தெரியும்!” என்றாள் கேதீஸ்வரி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அவள் சொல்லி வந்த பதில் அதுதான். வந்தவர் தலையைக் குனிந்து, மரியாதையோடு மெதுவாக எழுதிக்கொண்டார். பிறகு வினாயகமூர்த்தி ஒரு வாழைக்குலையோடு சைக்கிளில் வந்து இறங்கினான். அவனைக் கரடியனாற்றிலிருந்து கொண்டுவந்து சேர்த்த அந்தச் சைக்கிளால் கோப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. ஆகவே, தன் மனைவிக்கு விதவைப் பங்காக வந்த அரிசியை அவன் வருடக்கணக்கில் நல்ல பசியோடு தின்று வந்தான்.

தொழில் இல்லாத கேதீஸ்வரி விடிய எழும்பி அப்பம் சுட்டு விற்பாள். வெயில் ஏற, வாவிக்கரைத் துறையில் தோணி வந்து சேரும் நேரம் பார்த்து றால் வாங்கிக் கூவி விற்பாள். பின்னேரங்களில் அயலவர் சண்டையைத் தீர்த்து வைப்பாள். தீர்க்கச் சண்டை இல்லாத நாளில் ஒன்றைத் தொடங்கி வைப்பாள். ஒதுங்கி வாழ்கின்ற அவள் துறையில் நின்று விலை சொன்னால் வாவியின் மறுகரையான படுவான்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும் என்பார்கள். முடிவெடுக்கும் ஆற்றல் அந்த வீட்டில் சிலருக்குக் குறைவாக இருந்தது உண்மைதான். எல்லா முடிவையும் ஒருத்தியே எடுத்தால் மற்றவர்களுக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வரும்?

கோப்பின் கடைசி வரிக்கு மட்டும் ஓரளவு நியாயம் இருந்தது, எழுதியவருக்கே தெரியாத நியாயம். கடல் வந்தபோது கேதீஸ்வரி இரண்டு வயது மகள் யசோதினியைச் சேலையால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு பூவரச மரத்தைப் பிடித்தாள். தண்ணீர் வடிந்தபோது வீடு இல்லை, அடுப்பு இல்லை, கோழிக்கூடு இல்லை. மகள் இருந்தாள். முளையில் கட்டியிருந்த ஆடும் இருந்தது. இதிலிருந்து அவள் ஒரே ஒரு பாடம் படித்தாள்: கட்டினது நிண்டது, கட்டாதது போயிட்டு.

அன்று தொடங்கி அவள் எல்லாவற்றையும் கட்டினாள். ஆட்டுக்கு இரண்டு கயிறு. பானை மூடிக்கு ஒன்று. கட்டில் காலைத் தூணோடு கட்டினாள். படலையில் முடிச்சுக்கு மேல் முடிச்சு. வேலைக்குப் போகும் அவசரத்தில் வினாயகமூர்த்தி அதை அவிழ்க்கப் படும் பாட்டை அடுத்த வீட்டுப் புஸ்பம் காலைதோறும் வேலிக்கு மேலால் பார்த்து மகிழ்வாள்.

“என்னகா, மச்சான வெளிய விடாமக் கட்டி வச்சிரிக்காய்?”

“ஒருக்கா அவிட்டு விட்டன். செத்தாக்கள்ட பேரோட சேத்துப் போட்டாங்க.”

யசோதினியின் நோய் வெளிப்பட்டதும் கடலின் தயவால்தான். முகாமுக்கு வந்த வைத்தியர் ஒருவர் பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வெளிறிப் போயிருக்கிறது என்று பட்டணத்துக்கு அனுப்பினார். தலசீமியா என்றார்கள். உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைச் சரியாக உண்டாக்காது; மாதந்தோறும் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்பும் உள்ளே போய்த் தங்கும். தங்கிய இரும்பு ஈரலையும் இதயத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். அதை வெளியேற்றும் மருந்தை, வயிற்றுத் தோலுக்குக் கீழே ஒரு மெல்லிய ஊசியைச் செருகி, விளக்கு வைக்கும் நேரம் தொடங்கி விடியும் வரை சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். செலுத்துவதற்குக் கைக்குள் அடங்கும் ஒரு மெசின். பட்டரியில் ஓடும்.

மெசின்கள் சில. பிள்ளைகள் பலர். சும்மா கிடக்கும் மெசின் அடுத்த பிள்ளைக்குப் போகும் என்பது கிளினிக்கின் விதி. மிக நல்ல விதி. தன் மகள் வரிசையில் நின்ற காலத்தில் கேதீஸ்வரியே அதை வார்ட் முழுக்கக் கேட்கும்படி ஆதரித்திருக்கிறாள்.

ஊசி குத்தவும், சின்னத் துண்டுப் பிளாஸ்டரால் அதை ஒட்டவும் அஞ்சலா என்ற தாதி பழக்கிக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒரு காலை ஊசி கழன்று கிடந்தது. மருந்து முழுவதும் பாயில். கேதீஸ்வரி அந்த ஈரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுபோன சாமான்களின் கணக்கில் இன்னும் ஒன்று சேர்ந்தது போல அவளுக்கு இருந்தது.

அன்றிலிருந்து சின்னத் துண்டு இல்லை. அகலமான மண்ணிறப் பிளாஸ்டர், நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று. காலையில் அதை ஒரே இழுப்பில் பிய்த்தெடுப்பாள். “நோவு ஒண்டுதானே, கெதியா முடியட்டும்” என்பது அவள் கருணை. அந்த நேரம் வரும்போது யசோதினி கொய்யா மரத்தின் உச்சிக் கிளையில் இருப்பாள்.

கச்சான் காற்று வீசத் தொடங்கியது. மேற்கேயிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டது போல வரும் காற்று. பிள்ளைக்கு வேர்த்தது, வேர்வையில் பிளாஸ்டர் வழுக்கியது, வழுக்கியதால் கேதீஸ்வரி இன்னும் நீளமாக ஒட்டினாள். ஒட்டிய இடம் சிவந்தது. சிவப்பைத் தணிக்க எண்ணெய் பூசினாள்; எண்ணெய்மேல் பிளாஸ்டர் நிற்கவில்லை; நிற்காததால் இன்னொரு சுற்று. கடைசியில் வயிறெல்லாம் நெருப்பாய்ச் சிவந்து, நீர்க் கொப்புளம் போட்டு, பிள்ளை இரண்டு கையாலும் சொறிந்தாள்.

கேதீஸ்வரி பார்த்தாள். முடிவெடுத்தாள்.

“அம்மாள் வந்திரிக்கா.”

வைகாசி பிறக்கவிருந்தது. கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, குளிர்த்தியோடு முடியும் சடங்கு தொடங்கும் காலம் கிட்டி வந்தது. அம்மாள் வருத்தம் என்கிற அம்மை வர இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. படலையில் வேப்பிலை கட்டினாள், தனி முடிச்சுப் போட்டு. வீட்டில் மீன் சமையல் நின்றது. றால் நின்றது. அம்மாள் இறங்கியிருக்கும் உடம்பில் ஊசி குத்துவதாவது! மெசினும் நின்றது. அதை வெள்ளைத் துணியில் சுற்றி, சுற்றிய துணியைக் கயிற்றால் கட்டி, கயிற்றைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டாள். கொப்புளங்களில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். எரிச்சலில் பிள்ளை அலறியபோது, “அம்மாள்ட சோதின மனே, பொறு” என்றாள்.

கிளினிக்கில் பட்டரி எடுக்க ஆள் வராததால் அஞ்சலா தொலைபேசி எடுத்தாள்.

“யசோதினிட அம்மாவா? ஏன் இந்தப் பக்கமே காணல்ல?”

“அம்மாள் வந்திரிக்கா மிஸ்.”

“எங்க?”

“வயித்தில.”

“முகத்தில, முதுகில?”

“இல்ல. வயித்தில மட்டும்தான்.”

“பிள்ளையக் கொண்டு வாங்க, நான் பாக்கணும்.”

“அம்மாள் இரிக்கக்குள்ள வெளிக்கிடப்படாது மிஸ்.”

“அப்ப மெசினையாவது அனுப்பி விடுங்க. காத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் குடுக்கணும். வாற கிளினிக் நாள் வரைக்கும்தான் நான் சமாளிக்கலாம். மருந்து ஓடாத ஒவ்வொரு நாளும் இரும்பு ஏறுது, அது விளங்குதா உங்களுக்கு?”

விளங்கியது. நல்லதென்று தானே பாராட்டிய விதி இப்போது தன் படலைக்கே வந்து நின்றது. மெசின் போனால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும். அதுவரை பிள்ளையின் இதயம் வரிசையில் நிற்குமா?

வினாயகமூர்த்தி அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பருப்பும் பூசணிக்காயும். முந்திய நாளும் அதுதான். சோற்றைப் பிசைந்தபடி, எதிரே பாயில் சட்டையை உயர்த்திக் காற்று வாங்கிக்கொண்டிருந்த மகளின் வயிற்றை ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். சுவர் பார்க்கிற பார்வை.

“இஞ்ச புள்ள” என்று மனைவியைக் கூப்பிட்டான். “இது மூலைமட்டம் வச்ச மாதிரியெல்லா இரிக்கி.”

“எது?”

“அம்மாள். கரையெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேர். மூலை நல்ல மட்டம். நான் கட்டின சுவரே இவ்வளவு நேரா வந்தல்ல.”

“வாயக் கழுவுங்க! அம்மாளப் பழிக்கிற!”

“நான் பழிக்கல்ல. சிலுவ மாதிரியும் கிடக்கு. கண்ணகை அம்மன் எப்ப வேதத்துக்கு மாறினா?”

அகப்பை உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது. கேதீஸ்வரி குனிந்து பார்த்தாள். பிறகு போய்ப் பிளாஸ்டர் சுருளை எடுத்துவந்து, பிரித்து, பிள்ளையின் வயிற்றில் படாமல் மேலே பிடித்தாள். நெடுக்கே ஒன்று. குறுக்கே ஒன்று. சிவப்பின் கரையும் பிளாஸ்டரின் கரையும் அச்சொட்டாகப் பொருந்தின.

“அப்ப அம்மாள் பிளாஸ்டருக்குள்ளயா அம்மா இருந்த?” என்று யசோதினி கேட்டாள்.

அதற்குள் கேதீஸ்வரி படலைக்கு ஓடிவிட்டாள். வேப்பிலையை அவிழ்க்கப் பொறுமை இல்லை, கத்தியால் அறுத்தாள். அந்த வீட்டில் ஒரு முடிச்சு அறுபட்டதைக் கண்ட புஸ்பம் கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டாள். கேதீஸ்வரி “தாயே, உண்ட பேர அநியாயமா இழுத்துப் போட்டன், கோவியாத. குளிர்த்திக்கு வந்து பொங்கல் வைப்பன்” என்று கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மகளையும் மெசினையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

பாலத்தடிச் சோதனைச்சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். போர் அதன் கடைசி நாட்களில் இருந்தது. யாரும் யாரையும் நம்பாத காலம். சிப்பாய் ஒருவன் துணிப் பொதியைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே கனமான ஏதோ ஒன்று, ஒரு குழாய், பட்டரி. அவன் ஓரடி பின்னால் வைத்தான். அவிழ்க்கும்படி கை காட்டினான்.

கேதீஸ்வரி அவிழ்க்கத் தொடங்கினாள். அவள் போட்ட முடிச்சுகள் அவளுக்கே மசியவில்லை. நகத்தால் இழுத்தாள், பல்லால் இழுத்தாள். ஒவ்வொரு முடிச்சும் விட விடத் துவக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தன. ஓட்டோக்காரன் தன் ஓட்டோவைவிட்டு இறங்கித் தூரப் போய் நின்றான். கடைசி முடிச்சு மிஞ்சியபோது பொறுமை இழந்த யசோதினி தானே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். “பபாட்ட லெட” என்று, பிள்ளைக்கு வருத்தம் என்பதற்குத் தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கேதீஸ்வரி செலவழித்தாள். அந்தச் சிவப்பைக் கண்ட சிப்பாய் “அனே!” என்று இரங்கினான். அவனுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும். கை, போகச் சொல்லிக் காட்டியது.

வார்ட்டில் அஞ்சலா சட்டையை உயர்த்திப் பார்த்தாள். பட்டணத்துக் கத்தோலிக்கப் பெண்ணான அவள், சிலுவையை அங்கே எதிர்பார்க்கவில்லை.

“என்னம்மா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துப் போட்டிங்களா?”

“சிரிக்காதிங்க மிஸ். நெஞ்சு பத்துது எனக்கு.”

அஞ்சலா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். பிளாஸ்டரின் பசை பிள்ளையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேர்வை அதைக் கூட்டியது. பிய்த்து இழுத்தது தோலின் மேல் படையையும் சேர்த்து எடுத்தது. மஞ்சள் எரித்தது. வைத்தியர் புண்ணுக்கு ஒரு கிறீம் எழுதிக் கொடுத்தார். மருந்து அன்றைக்கே ஓட வேண்டும் என்று, புண் இல்லாத தொடையில் ஊசியைக் குத்தி, பிளாஸ்டர் இல்லாமல் துணி வைத்துச் சுற்றிக் கட்டினாள் அஞ்சலா.

“இப்பிடியே சுத்திக் கட்டி வச்சிக்கலாம்தானே?” கட்டு என்றதும் கேதீஸ்வரியின் முகம் மலர்ந்தது.

“இது ரெண்டு மூணு நாளைக்கு. இந்த வெயிலில சுத்தியே வச்சா அந்தத் தோலும் அவிஞ்சி போகும். என்ன ஒட்டு ஒத்துக்கொள்ளுது எண்டு பாக்கணும். ஒவ்வொரு சாதியிலயும் நகமளவு துண்டு எடுத்து முதுகில ஒட்டிப் பாப்பம். எடுக்க முதல் நனைக்கப்படாது, கிளப்பிப் பாக்கப்படாது. எடுத்த உடன பாக்கணும், அடுத்த நாளும் பாக்கணும். சில ஒவ்வாமை சோம்பேறி, பிந்தித்தான் எழும்பும். எங்கட்ட ரெண்டு சாதிதான் இரிக்கி. வேற கிடைச்சா நீங்களும் தேடிக் கொண்டாங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்தை வேறு எவரிடம் சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

கேதீஸ்வரி அங்கிருந்தே புறப்பட்டாள். நாவற்குடாவில் பூட்டிக் கிடந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் காவலாளியை எழுப்பி, அலுமாரிக்கடியில் கிடந்த பெட்டியைத் திறப்பித்து, தோல் போலவே மெல்லிய, ஊடாகப் பார்க்கக் கூடிய ஒட்டு ஒன்றைப் பிடித்தாள். காத்தான்குடியில் சரீப்பின் மருந்துக்கடைக்குள் நுழைந்தாள்.

“நானா, உங்கட்ட இரிக்கிற ஒட்டுறதெல்லாம் எடுங்க.”

“என்னத்த ஒட்டப் போறா தங்கச்சி?”

“புள்ளைய.”

சரீப் கண்ணாடியை மூக்கில் இறக்கி அவளைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டறிந்தபின் எல்லாப் பெட்டியிலும் ஒரு துண்டு வெட்டித் தந்தார், காகிதம் போன்ற வெள்ளை ஒட்டு உட்பட. “இது காகிதந்தான் தங்கச்சி. ஈயக் கூடப் பிடிக்காது” என்று எச்சரித்தும் விட்டார். மறுநாள் பாலத்தடியில் அதே சிப்பாயைக் கண்டபோது அவனுடைய முதலுதவிப் பையைக் காட்டி, தன் நகத்தைக் காட்டி, கத்தரிக்கும் சைகை காட்டினாள். அவனும் கொடுத்தான். வினாயகமூர்த்தி தன் பங்குக்குக் குழாய் சுற்றும் கறுப்பு ஒட்டுநாடாவைக் கொண்டுவந்து நீட்டினான். அது மட்டும் நிராகரிக்கப்பட்டது.

யசோதினியின் முதுகில் சதுரங்கள் வரிசையாக ஏறின. எந்தச் சதுரம் எது என்று நினைவில் வைக்க, ஒவ்வொன்றுக்கும் அவள் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் பெயரை வைத்தாள். காகித ஒட்டு, ஒருநாளும் அடிக்காத மங்கையற்கரசி டீச்சர். வார்ட்டின் ஒட்டில் ஒன்று, விளையாட்டுச் சொல்லித்தரும் பீற்றி சேர். மண்ணிறப் பிளாஸ்டர், அதிபர்.

“அம்மா, அதிபர் கடிக்கிறார்.”

“சொறியாத!”

“பீற்றி சேர் கொஞ்சமா நோண்டுறார்.”

“இஞ்ச வா, பாப்பம்.”

“பாக்கப்படாது எண்டு மிஸ் சொன்ன!”

ஒப்பிட்டுப் பார்க்கவென்று கணவனின் முதுகிலும் அதே வரிசையை ஒட்டினாள். வருடக்கணக்காகச் சீமெந்து குடித்த அந்தத் தோலில் எதுவும் ஏறவில்லை. விஞ்ஞானத்துக்கு உதவாத முதுகு என்று தள்ளிவிட்டாள்.

எடுக்கும் நாள் வந்தது. அதிபர் சிவந்திருந்தார். சிப்பாயின் பிளாஸ்டரும் சிவந்திருந்தது. அதில் அரசியல் எதுவும் இல்லை, இரண்டும் ஒரே பசை. மற்ற எல்லாச் சதுரங்களும் வெள்ளை! கேதீஸ்வரி முற்றத்தில் நின்று துள்ளினாள். வெளிநாட்டு ஒட்டைத் தூக்கிப் பிடித்து, “இதுதான்! தோலோட தோலா நிக்கும், கடல் வந்தாலும் கழராது!” என்றாள்.

“நாளைக்கும் பாக்கச் சொன்ன” என்றான் வினாயகமூர்த்தி.

மறுநாள், போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது. தூரத்தில் எங்கோ பட்டாசு வெடித்தது. ஆரையம்பதியில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வானொலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேதீஸ்வரி மட்டும் மகளின் முதுகை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிநாட்டு ஒட்டு இருந்த இடம் ஒரே இரவில் வட்டமாகத் தடித்திருந்தது. வார்ட்டின் இரண்டும் புள்ளி புள்ளியாக எழும்பியிருந்தன. சரீப் தந்தவற்றிலும் மற்ற எல்லாம் சிவந்திருந்தன. ஒன்று மட்டும், அந்தக் காகிதம், இருந்த இடமே தெரியவில்லை.

“கடிக்கல்ல!” என்று யசோதினி கத்தினாள். “மங்கையற்கரசி டீச்சர் கடிக்கவே இல்ல!”

“செவக்கல்ல! ஒண்டும் இல்ல!” என்று தாயும் கத்தினாள்.

புஸ்பம் வேலியடிக்கு வந்து நின்றாள். அவளுடைய தம்பி வன்னியில் இருந்தான். இருக்கிறானா என்று அன்றைக்குச் சொல்லக் கூடியவர் யாரும் இல்லை. கேதீஸ்வரி வாயை மூடினாள்.

“என்னகா கத்தினாய்?”

“புள்ளைக்கு… ஒரு ஒட்டு ஒத்துக்கொண்டிரிக்கி மச்சாள்.”

புஸ்பம் வேலிக்கு மேலால் கையை நீட்டினாள். “எங்க, காட்டு” என்றாள். முதுகைத் தடவிப் பார்த்தாள். தடவிய கையை எடுக்க அவளுக்கு நேரமெடுத்தது.

ஒத்துக்கொள்ளும் ஒட்டு கிடைத்துவிட்டது. இனி ஒரே ஒரு குறைதான். அது ஒட்டாது. உலகத்தில் உள்ள அத்தனை பசையிலும் பிள்ளையின் தோல் ஏற்றுக்கொண்டது, எதையும் பிடித்து வைக்காத ஒன்றை. கேதீஸ்வரி அதை விரல் நுனியால் நெம்பினாள்; பூவிதழ் போல உரிந்து வந்தது. “இதால ஒரு றாலையும் நிப்பாட்டேலாதே மிஸ்!” என்று தொலைபேசியில் அழுதாள். கிளினிக் நெருங்கி வந்தது.

“மேல மேல ஒட்டுங்க” என்றாள் அஞ்சலா. “தோலில காகிதம். அது மேல உங்கட மண்ணிறப் பிளாஸ்டர், சின்னத் துண்டு. பிளாஸ்டர் காகிதத்தத்தான் தொடணும், தோலத் தொடப்படாது. ஒட்ட முதல் தோல் நல்லாக் காய்ஞ்சிரிக்கணும்.”

“சுவருக்கு முதல் பூச்சு” என்றான் வினாயகமூர்த்தி, விளங்கிக்கொண்டு.

அப்படியே செய்தாள். பாதி நின்றது. பிள்ளை புரண்டு படுக்கும்போது மெசினின் குழாய் ஊசியை வெடுக்கென்று இழுத்தது. ஒட்டு ஓரத்தில் கிளம்பியது. குழாயை அவள் வழக்கம்போல விறைப்பாக இழுத்து இறுக்கித்தான் வைத்திருந்தாள்.

அடுத்த காலை துறையில் றால் கூடையோடு நின்றாள். காற்று பலம். முளையில் கட்டிய தோணிகள் அலையோடு ஏறி இறங்கின. கயிறு நீளம் விட்டுக் கட்டிய தோணிகள் சும்மா ஆடின. புதிதாக ஒருவன் குறுக்கிக் கட்டியிருந்த தோணி மட்டும் ஒவ்வொரு அலைக்கும் முளையைப் பிடுங்கியது. கேதீஸ்வரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே முளையைப் பிடுங்கியெடுத்துக்கொண்டு போயும் விட்டது. தோணிக்காரன் தண்ணீருக்குள் பாய்ந்தான். துறை சிரித்தது. கேதீஸ்வரி சிரிக்கவில்லை. கூடையைப் பக்கத்தில் நின்ற புஸ்பத்தின் தலையில் வைத்தாள்.

“எங்ககா ஓடுறாய்? விலை என்ன?”

“நீயே சொல்லு!”

விலை சொல்லும் உரிமையை அவள் இன்னொருத்திக்குக் கொடுத்தது துறையின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு ஓடி வந்து பழைய பாவாடைத் துணியில் ஒரு இடுப்புப் பட்டி தைத்தாள், மெசினை வைக்க ஒரு பையோடு. மாலையில் குழாயை இழுக்காமல் ஒரு வளையமாகச் சுழித்துக் காகிதத்தின் மேல் ஒட்டி, மீதியைத் தளர்வாக விட்டாள். விட்ட கை அந்தத் தளர்வைப் பார்த்துப் பார்த்து இறுக்கத் துடித்தது. வினாயகமூர்த்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

விடிந்தபோது ஊசி இருந்த இடத்தில் இருந்தது. மருந்து முடிந்திருந்தது. யசோதினி பட்டியோடு கொய்யா மரத்தில் இருந்தாள்.

“இறங்கு மனே.”

“இழுக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணு.”

“சத்தியம்.”

“அம்மாள் மேல?”

“அம்மாள இனி இழுக்கப்படாது. உண்ட அப்பா மேல.”

“அப்பாதான் செத்திட்டார் எண்டு எழுதிரிக்கே!”

ஒருவழியாக இறங்கினாள். கேதீஸ்வரி தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு ஒட்டின் ஓரத்தில் தடவினாள். காத்திருந்தாள். தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் ஒட்டைத் தோலோடு தோலாக மடித்து மடித்து உரித்தாள். பிறகு சவர்க்காரம் போட்டு எண்ணெயைக் கழுவி, ஒற்றித் துடைத்தாள். குசினியில் அப்பம் கருகியது. படலையில் நின்றவர்கள் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் ஒரு வேலையையும் மெதுவாகச் செய்தறியாதவள், நெற்றி வேர்க்க வேர்க்க அதைச் செய்தாள்.

“எப்பம்மா எடுக்கப் போறாய்?” என்று யசோதினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டாள்.

“எடுத்து முடிஞ்சி.”

“பொய்.” கண்ணைத் திறந்து வயிற்றைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள், யாரோ புது ஆளைப் பார்ப்பது போல.

கிளினிக் நாளில் அஞ்சலா சட்டையை உயர்த்தினாள். பழைய சிலுவையின் நிழல் மங்கலாகக் கிடந்தது. புதிதாக எதுவும் இல்லை. குழாயின் வளையத்தைச் செய்துகாட்டிய கேதீஸ்வரி, தோணிக் கதையைக் கையும் காலும் ஆட விவரித்தாள்.

“இந்த வளையத்த நான் முதல் நாளே பழக்கித் தந்தனே அம்மா” என்றாள் அஞ்சலா. “இறுக்கினாத்தான் நிக்கும் எண்டு நீங்கதான் அவிட்டெறிஞ்ச.”

“சொன்னிங்களா?”

“ரெண்டு தரம்.”

“அப்ப சத்தமாச் சொல்லியிருக்கணும் மிஸ்.”

மெசின் யசோதினியிடமே இருந்தது. அதற்காகக் காத்திருந்த பிள்ளையின் தாய் வாங்குப் பலகையில் இருந்தாள். கேதீஸ்வரி அவளருகே போய் இருந்து, கேட்காமலே, காகித ஒட்டுச் சுருள் ஒன்றை அவள் மடியில் வைத்து, “உங்கட முறை வரக்குள்ள முதல்ல முதுகில ஒட்டிப் பாருங்க” என்றாள். குளிர்த்திக்குக் கோயிலில் பொங்கலும் வைத்தாள். வீட்டில் ஆட்டுக்கு இன்னும் இரண்டு கயிறுதான், அதில் மாற்றமில்லை. நிறுவனத்தின் கோப்பில் வினாயகமூர்த்தியும் இன்னும் உயிர்த்தெழவில்லை.

கேதீஸ்வரி செய்தது இதுதான்: மகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் ஒட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள், அதை மட்டுமே தோலில் படவிட்டாள், குழாயைத் தளர்த்தி விட்டாள், காலைதோறும் எண்ணெய் தடவி மெதுவாக உரித்தாள், மருந்து தொடர்ந்து ஓடியது.